கான்சர்வேஷன் என்று பெயர், காசு போவது முள்கம்பிக்கு!

கணக்கர்_டாலஸ் | ஞாயிறு, இரவு 9.40

தெரிந்தவர்கள் விளக்குங்கள். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்றொரு அமைப்பு, அமெரிக்க அரசு எந்தப் பண்ணைக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு கொடுத்தது என்பதை 1995-இல் தொடங்கி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. தொழில் புத்தி, இந்த மாதிரிப் பட்டியல் கண்ணில் பட்டால் விடமாட்டேன். நேற்று ராத்திரி முழுக்க அதில்தான் கிடந்தேன்.

அதில் எமர்ஜென்சி கான்சர்வேஷன் புரோகிராம் (அவசரப் பாதுகாப்புத் திட்டம்), சுருக்கமாக ஈ.சி.பி., என்று ஒரு வரி. பேரைக் கேட்டால் என்ன தோன்றும்? கொக்கு, குருவி, சதுப்பு நிலம், அழிந்துகொண்டிருக்கும் ஏதாவது ஆமை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போய்ப் படித்தால், புயலில் வயலுக்குள் விழுந்த மரத்தை அப்புறப்படுத்த, வெள்ளம் அரித்த நிலத்தைச் சமன்படுத்த, தீயில் போன வேலியைத் திரும்பக் கட்ட. வேலிக்கு எதற்குய்யா கான்சர்வேஷன் காசு?

என் வீட்டு வேலி போன வருஷக் காற்றில் சாய்ந்தது. நான்தான் கைக்காசு போட்டு நிமிர்த்தினேன். பத்தாயிரம் ஏக்கர் வைத்திருப்பவருக்கு மட்டும் ஏன் என் வரிப்பணம்?

---

எதிர்க்கட்சி | ஞாயிறு, இரவு 9.52

பத்தாயிரம் ஏக்கர் வைத்திருப்பவருக்கு செனட்டர் நண்பர். உங்களுக்கு நண்பர் நாங்கள்தான். அதனால்தான்.

---

மாட்டுடாக்டர் | ஞாயிறு, இரவு 11.15

கணக்கர் சார், நான் அமரில்லோ பக்கம் மாட்டு வைத்தியம் பார்ப்பவள். 2024 பிப்ரவரி 26-ஆம் தேதி ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ கிளம்பியது. டெக்சாஸ் வரலாற்றிலேயே பெரிய தீ, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் கருகியது. மூன்றாம் நாள் அதன் மேலேயே பனி கொட்டியது. கறுப்புத் தரை, வெள்ளைப் பனி, நடுவில் நின்றுகொண்டிருந்த மாடுகள். மடி வெந்து, கன்றைக் கிட்டே சேர்க்க முடியாத பசுக்கள். பல மாடுகளுக்குக் குளம்பு கழன்றுவிட்டது. நான் அந்த வாரம் செய்தது முக்கால்வாசி வைத்தியம் இல்லை. அதை இங்கே எழுத வேண்டாம்.

வேலிக்கு வருகிறேன். தீ போன பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் வேலி நிற்பது போலவே இருக்கும். இரும்புக் கம்பம் எரியாது, கம்பியும் அறுந்திருக்காது. கிட்டப் போய்க் கையுறையோடு கம்பியைத் தடவினால் சாம்பல் மாதிரி உதிரும். அது மேலே பூசிய துத்தநாகம். சூட்டில் அது போய்விட்டால் அடுத்த மழைக்கே துரு. கம்பியின் பலமும் போயிருக்கும், இழுத்துக் கட்டப் பார்த்தால் பட்டென்று அறும். மூலையில் நிற்கும் மரக்கம்பம்தான் மொத்த வேலியின் இழுவிசையையும் தாங்குவது. அது அடியோடு எரிந்து தரையில் ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். ஆக, நிற்கிற வேலியைப் பிடுங்கி எறிய ஒரு கூலி, புதிதாகக் கட்ட இன்னொரு கூலி.

உங்கள் வீட்டு வேலி சாய்ந்தால் பக்கத்து வீட்டு நாய் வரும், அவ்வளவுதான். இங்கே வேலி இல்லையென்றால் பிழைத்த மாடு நெடுஞ்சாலைக்கு வரும். இல்லையென்றால் அப்போதுதான் துளிர்க்கிற புல்லை வேரோடு மேயும். எரிந்த மேய்ச்சல் நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றால் முதலில் அதை அடைக்க வேண்டும். கான்சர்வேஷன் என்ற சொல் அங்கேதான் வருகிறது.

---

மண்ணாங்கட்டி | திங்கள், காலை 7.05

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். (நான் நெப்ராஸ்காவில் மண்ணைப் பார்த்துச் சம்பளம் வாங்குபவன், பெயர்க்காரணம் கேட்காதீர்கள்.)

அமெரிக்கப் பண்ணைச் சட்டங்களில் கான்சர்வேஷன் என்றால் பெரும்பாலும் மண்ணையும் தண்ணீரையும் கட்டிக்காப்பது. குருவியெல்லாம் பிற்பாடு சேர்ந்துகொண்டது. இது 1930-களின் புழுதிப் புயல்கள் கொடுத்த அர்த்தம். 1935 ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை, ஓக்லஹோமா, டெக்சாஸ் பக்கம் பட்டப்பகலில் ஊரே இருண்டது. கறுப்பு ஞாயிறு என்றே அதற்குப் பெயர். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 27-இல் மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. ஹியூ பென்னெட் என்ற மண்ணியலாளர் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்ததை, தலைநகரம் வரைக்கும் பறந்து போன புழுதி புரியவைத்துவிட்டது.

நீங்கள் கேட்கும் ஈ.சி.பி. 1978-ஆம் வருஷத்து வேளாண் கடன் சட்டத்தில் வருகிறது. வேளாண்மைத் துறையின் கீழ் இருக்கும் பண்ணைச் சேவை முகமை, அதாவது எஃப்.எஸ்.ஏ., நடத்துகிறது. சும்மா சேதம் ஆனால் கிடைக்காது. சரி செய்யாமல் விட்டால் நிலம் கெட்டுப்போகும், விளைச்சல் திறன் குறையும், அந்த இடத்தில் அடிக்கடி நடக்கக்கூடிய சேதம் இல்லை, மத்திய அரசு கைகொடுக்காமல் சீர் செய்ய முடியாத அளவுக்குச் செலவு: இந்த நாலும் பொருந்த வேண்டும். வீடு, மாட்டுக் கொட்டகை எதுவும் இதில் வராது. செத்த மாட்டுக்கு வேறு திட்டம், சந்தை விலையில் 75 சதவீதம். இது நிலத்துக்கும், நிலத்தோடு ஒட்டியதற்கும் மட்டும்.

---

கணக்கர்_டாலஸ் | திங்கள், மதியம் 12.30

> வேலி இல்லையென்றால் பிழைத்த மாடு நெடுஞ்சாலைக்கு வரும்

டாக்டர், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேலி விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கு கேட்பேன். முழுச் செலவையும் கொடுத்துவிடுகிறார்களா?

---

மண்ணாங்கட்டி | திங்கள், மதியம் 1.10

இல்லை. அனுமதித்த செலவில் 75 சதவீதம் வரை. வசதி குறைந்தவர், புதிதாக விவசாயத்துக்கு வந்தவர் போன்றவர்களுக்கு 90 வரை போகும். ஒரு பேரிடருக்கு ஒருவருக்கு 5 லட்சம் டாலர் உச்சவரம்பு. முன்பு 2 லட்சமாக இருந்தது, 2018 பண்ணைச் சட்டம் உயர்த்தியது.

---

வெள்ளாடு | திங்கள், இரவு 8.20

"வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்புறம் யார் முதலில் பணம் போடுவது என்பதையும் கவனியுங்கள்.

நம் ஊரில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கோ டிராக்டருக்கோ பின்னேற்பு மானியம் என்பார்களே, அந்தச் சாதிதான் இது. முதலில் நீ செலவழி, ரசீதைக் கொண்டுவா, ஆய்வு முடிந்ததும் பணம்.

என் கதையைச் சொல்கிறேன். மத்திய டெக்சாஸில் 22 ஏக்கர், 40 ஆடு. வார நாளில் கம்ப்யூட்டர், வார இறுதியில் ஆட்டுப் புழுக்கை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், ராத்திரி ஓடை பெருகி நிலத்துக்குள் வந்துவிட்டது. விடிந்து பார்த்தால் ஓடையைக் குறுக்கே கடக்கும் வேலி முழுசாகக் காணோம். மேய்ச்சல் முழுக்க மரக்கட்டை, பிளாஸ்டிக் பீப்பாய், யார் வீட்டுடையதோ ஒரு சாய்வு நாற்காலி. எங்கள் பக்கம் கயோட்டி (சின்ன ஓநாய் மாதிரி) அதிகம். அன்றைக்கே சின்ன லோடர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு நாளில் கட்டையெல்லாம் குவித்தாயிற்று. மூன்றாம் நாள் வேலி கட்டியாயிற்று. மொத்தம் 6,400 டாலர்.

ஒரு வாரம் கழித்து பக்கத்துப் பண்ணைக்காரர் பேச்சுவாக்கில் இந்த மானியத்தைச் சொன்னார். ரசீதெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினேன். கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்: "வேலையை ஆரம்பிக்கும் முன் விண்ணப்பித்தீர்களா? எங்கள் ஆள் வந்து பார்த்தாரா?" இல்லை. "சேதத்தின் போட்டோ?" என் ஃபோனில் அந்த சாய்வு நாற்காலியின் போட்டோ ஒன்றுதான் இருந்தது, வாட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்ப எடுத்தது. அவ்வளவுதான், முடிந்தது.

அந்த அம்மா மேல் தப்பு சொல்லமாட்டேன், விதி அதுதான். முதலில் விண்ணப்பம், பிறகு கள ஆய்வு, சுற்றுச்சூழல் சரிபார்ப்பு, அனுமதி, அதற்கப்புறம் வேலை. ஆனால் 40 ஆட்டை எந்த அறைக்குள் அடைத்து வைத்துக்கொண்டு ஆய்வாளருக்குக் காத்திருப்பது?

என் பக்கத்துக்காரர் 3,000 ஏக்கர்காரர். அவரிடம் மேஸ்திரி இருக்கிறார், கணக்கெழுத ஆள் இருக்கிறார், மாட்டைக் கொண்டுபோய் விட வேறு மேய்ச்சல் இருக்கிறது. தேதியோடு போட்டோ எடுத்து, மூன்றாம் நாளே மனு கொடுத்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அவரும் நஷ்டப்பட்டவர்தான். ஆனால் பட்டியலில் ஏன் பெரிய பண்ணைகளாகத் தெரிகின்றன என்பதற்கு செனட்டரைத் தேடிப் போக வேண்டாம். காத்திருக்க முடிந்தவர் வாங்குகிறார்.

---

கணக்கர்_டாலஸ் | திங்கள், இரவு 9.05

இதுதான் எனக்குப் புரியும் பாஷை. டாக்டர், ஒரு மைல் வேலிக்கு என்ன ஆகும்?

---

மாட்டுடாக்டர் | திங்கள், இரவு 9.48

2017-இல் கான்சாஸ் பக்கம் ஸ்டார்பக் தீ வந்தபோதே மைலுக்குப் பத்தாயிரம் டாலர் என்றுதான் பேச்சு. இப்போது கூடத்தான் ஆகும்.

எங்கள் பக்கம் ஐந்து இழை முள்கம்பி கட்டுவார்கள். ஒரு சுருள் 1,320 அடி, கால் மைல். அப்படியென்றால் ஒரு இழைக்கு நாலு சுருள், ஐந்து இழைக்கு இருபது. இரும்புக் கம்பம் 16 அடிக்கு ஒன்று என்றால் மைலுக்கு 330. மூலைக்கு மரக்கம்பம், கேட், ஆள் கூலி தனி. தீக்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கப் போவதால் கடையில் கம்பமே இருக்காது. ஸ்டார்பக் தீயின்போது வெளிமாநிலத்திலிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு லாரி வரிசை வந்தது. பழைய கம்பியைச் சுருட்டவே பள்ளிப் பிள்ளைகள் வரை வந்து நின்றார்கள்.

---

கணக்கர்_டாலஸ் | திங்கள், இரவு 10.20

சரி, 20 மைல் வேலி எரிந்தது என்று வைப்போம். பத்தாயிரம் வீதம் 2,00,000 டாலர். அரசு அதிகபட்சம் 1,50,000 தரும். 50,000 அவர் கைக்காசு. ஆனால் வேலை முடியும் வரை 2,00,000-ஐயும் அவரே புரட்ட வேண்டும், அதுவும் மாடு செத்து வருமானம் நின்றிருக்கும் நேரத்தில். வங்கியில் கடன் வரம்பு இல்லாதவர் இந்த விண்ணப்பத்தையே எடுக்கமாட்டார். மானியம் என்று எழுதியிருக்கிறது, எனக்கு என்னவோ வட்டிச் செலவுதான் கண்ணில் படுகிறது.

---

மண்ணாங்கட்டி | செவ்வாய், காலை 6.50

கணக்கு சரி, ஒரு திருத்தம். 2018 சட்டத்தில் வேலிக்கு மட்டும், அரசு தரும் பங்கில் 25 சதவீதம் வரை முன்பணம் கொடுக்க வழி செய்தார்கள். வாங்கினால் 60 நாளில் செலவழித்துவிட வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு அதை ஈ.சி.பி. வேலைகள் எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். உங்கள் உதாரணத்தில் 37,500 முன்னால் வரும். மீதி 1,62,500 புரட்ட வேண்டும். அதில் 1,12,500 திரும்பி வரும், 50,000 வராது. சொந்த உழைப்பையும் சொந்த டிராக்டரையும்கூடச் செலவுக் கணக்கில் காட்டலாம். சின்னப் பண்ணைக்காரருக்கு இது உதவும், பலருக்குத் தெரியாது.

---

எதிர்க்கட்சி | செவ்வாய், காலை 10.15

எல்லோரும் அழவைத்துவிட்டீர்கள். இப்போது நான் கேட்கிறேன். மண்ணாங்கட்டி சார் நாலு நிபந்தனை சொன்னார், மூன்றாவது "அடிக்கடி நடக்காத சேதம்". 2006 மார்ச்சில் அமரில்லோ கிழக்கே தீ, 9 லட்சம் ஏக்கருக்கு மேல். 2017 மார்ச்சில் ஓக்லஹோமாவும் கான்சாஸும், 6 லட்சத்துக்கு மேல். 2024-இல் 10 லட்சத்துக்கு மேல். இது திடீர் விபத்தா, தவணையா? புல்வெளி என்றால் எரியும். எரிகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அதே மரக்கம்பத்தை நட்டு, அதே காசைக் கொடுப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

இன்னொன்று. 2024 தீ மின்கம்பியிலிருந்து பற்றியது என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் வனச் சேவையின் விசாரணையே சொல்கிறது. கம்பம் யாருடையதோ அவர் கட்டட்டும். நான் ஏன் கட்ட வேண்டும்?

---

மாட்டுடாக்டர் | செவ்வாய், இரவு 10.30

இரண்டாவது கேள்விக்கு: வழக்கு நடக்கும், நஷ்ட ஈடும் வரும், வருஷக்கணக்கில். புல் ஏப்ரலில் முளைக்கும். நீதிமன்றத் தேதிக்காக மாடு காத்திருக்காது.

முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2006-இல் எரிந்த ஹட்சின்சன் கவுண்டியில்தான் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 2024 தீயும் தொடங்கியது. நடுவில் 18 வருஷம். ஒரு ஆள் வாழ்நாளில் இரண்டு தடவை, அது அடிக்கடியா? வேலி போட்டவரைக் கேட்டால் இல்லை என்பார், காப்பீட்டுக்காரரைக் கேட்டால் ஆமாம் என்பார். ஆனால் மரத்துக்குப் பதில் எண்ணெய்க் கிணற்றுப் பழைய இரும்புக் குழாயை மூலைக்கம்பமாக நடுவதைப் பல இடத்தில் பார்க்கிறேன். அடுத்த தீயில் அது நிற்கும். அதைக் கட்டாயமாக்கினால் நான் கைதட்டுவேன்.

புல்வெளி எரிவது இயற்கை, ஒப்புக்கொள்கிறேன். மழை பெய்தால் சில வாரத்திலேயே பச்சை வந்துவிடும். ஆனால் பெய்யாவிட்டால் என்ன என்பதை மண்ணாங்கட்டி சொல்லட்டும்.

---

மண்ணாங்கட்டி | புதன், காலை 7.20

பெய்யாவிட்டால் காற்று. மணல்பாங்கான நிலத்தில் புல் மூடாக்கு போய்விட்டால் மேல்மண் நகர ஆரம்பிக்கும். அதனால்தான் காற்று அரிப்பைத் தடுப்பதும் இந்தத் திட்டத்தில் தனி வேலையாக இருக்கிறது. "அடிக்கடி நடக்கக் கூடாது" என்ற நிபந்தனை காற்று அரிப்புக்கு மட்டும் கிடையாது. 1930-களைப் பார்த்தவர்கள் எழுதிய சட்டம், அந்த பயம் உள்ளே இருக்கிறது.

எல்லோரும் தீயையே பேசுகிறீர்கள், நான் தண்ணீரைச் சொல்கிறேன். 2019 மார்ச்சில் நெப்ராஸ்காவில் உறைந்த தரை மேல் மழை, பனி உருகல், எல்லாம் ஒன்றாக. மார்ச் 14-ஆம் தேதி நயோப்ரரா ஆற்றில் ஸ்பென்சர் அணை உடைந்தது. கார் அளவுக்குப் பனிக்கட்டிகள் வயலுக்குள் வந்து உட்கார்ந்தன. அது உருகிவிடும். மணல் உருகாது.

ஒரு வயலில் கம்பியைக் குத்திப் பார்த்தேன், இடுப்பளவு இறங்கியது. கீழே நல்ல கறுப்பு மண். பொதுவாக நாங்கள் சொல்வது: இரண்டு அங்குலம் வரை படிந்திருந்தால் வழக்கமான உழவிலேயே கலந்துவிடலாம். எட்டு அங்குலம் வரை ஆழக் கீறும் கலப்பை வேண்டும். இரண்டு அடிக்கு மேல் போனால் அள்ளித்தான் ஆக வேண்டும். அள்ளி எங்கே கொட்டுவது? ஆற்றுக்குள் தள்ள முடியாது. வயலின் ஒரு மூலையில் குவித்தால் அந்த மூலை போச்சு. சில இடத்தில் ஏக்கருக்கு ஆகும் அள்ளுகூலி அந்த ஏக்கரின் விலைக்குக் கிட்ட வந்தது. அதற்கும் விதி இருக்கிறது, நிலத்தின் வேளாண் மதிப்பில் பாதிக்கு மேல் கொடுக்கமாட்டார்கள்.

---

டெல்டா_பையன் | புதன், காலை 11.40

மணல் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். எங்கள் வயல் கொள்ளிடக் கரையோரம். இந்தியாவிலும் இதே விஷயத்துக்குப் பேரிடர் நிவாரண நிதியில் வரையறை உண்டு. மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அதை அள்ள ஹெக்டேருக்கு 12,200 ரூபாய் என்று இருந்தது, பிறகு 18,000 ஆக்கினார்கள். பொக்லைன் வாடகை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே 75 சதவீதம், இங்கே ஒரே தொகை. கஜா புயலில் விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று கொடுத்தார்களே, அப்படி. ஆனால் எங்களுக்கு முதலில் செலவழி என்று யாரும் சொல்லவில்லை. எது மேல் என்று எனக்கே தெரியவில்லை அண்ணா.

---

நெறியாளர் | புதன், மதியம் 12.05

தம்பி, நல்ல பதிவு, இருக்கட்டும். ஆனால் கஜா நிவாரணத்துக்குத் தனி இழை இருக்கிறது, தொடர்ச்சியை அங்கே வைத்துக்கொள்வோம். இது முள்கம்பி இழை.

---

கணக்கர்_டாலஸ் | புதன், இரவு 9.30

எனக்குக் கடைசியாக ஒரு சந்தேகம். இந்தப் பணம் பட்ஜெட்டில் எங்கே இருக்கிறது? வருஷா வருஷம் இவ்வளவு என்று வரவில்லையே, சில வருஷம் குவியலாக இருக்கிறது, சில வருஷம் காற்று வாங்குகிறது.

---

மண்ணாங்கட்டி | புதன், இரவு 10.10

அதுதான் இதன் பெரிய ஓட்டை. பேரிடர் வந்த பிறகு நாடாளுமன்றம் கூடி, கட்சிகள் சண்டை போட்டு, துணை நிதிச் சட்டம் போட்டால்தான் பெட்டி நிறையும். 2019 மார்ச் வெள்ளத்துக்கு ஜூன் 6-ஆம் தேதி சட்டம் வந்தது, இந்தத் திட்டத்துக்கு 55.8 கோடி டாலர். 2024 செப்டம்பர் 26-இல் ஹெலீன் புயல் கரை கடந்தது. டிசம்பர் 21-இல்தான் சட்டம், இதற்கு 82.8 கோடி. கையில் மிச்சம் இருந்தால் அதிலிருந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் வரிசைதான்.

---

எதிர்க்கட்சி | புதன், இரவு 10.25

பேரில் "அவசரம்" இருக்கிறது. மார்ச்சுக்கு ஜூன், செப்டம்பருக்கு டிசம்பர். மூன்று மாதக் குழந்தை குப்புற விழுந்துவிடும்.

(டாக்டர், இரும்புக் குழாய் யோசனைக்கு என் ஓட்டு உண்டு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒப்புக்கொள்வது அபூர்வம்.)

---

மாட்டுடாக்டர் | புதன், இரவு 10.58

எழுதி வைத்தாயிற்று, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தாயிற்று.

வெள்ளாடு தம்பி, அடுத்த தடவைக்கு ஒன்று சொல்கிறேன். கட்டையைத் தொடும் முன் நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுங்கள், அளவு தெரிய ஒரு கம்பத்தையோ ஆளையோ பக்கத்தில் நிறுத்தி. எடுத்த கையோடு கவுண்டி அலுவலகத்துக்கு ஃபோன் போடுங்கள். ஆடு தப்பாமல் இருக்கத் தற்காலிக வேலி கட்டலாமா, கட்டினால் நிரந்தர வேலிக்கு மனு செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாயால் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள்.

---

வெள்ளாடு | வியாழன், காலை 6.15

நன்றி அக்கா. ராத்திரி மூன்று மணியிலிருந்து இங்கே இடி. ஓடை இன்னும் கரைக்குள்தான் இருக்கிறது. ஆட்டையெல்லாம் மேட்டுக்கு ஏற்றிவிட்டேன், ஃபோனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.